கட்டிலுக்கு அடியில் பார்த்தவர்

ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்து போனைப் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். கரீம் பாயின் மகன். திரும்பக் கூப்பிட்டதும், "டாக்டர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை நாளாக உடம்பு சரியில்லை, என்ன மாத்திரை சாப்பிட்டார், யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். "வாப்பா மாதிரியே கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

அதிராம்பட்டினத்தில் உங்களில் பலருக்கு அவர் வலைக்கடை கரீம் பாய். மீன்பிடி வலையும் கயிறும் விற்றவர். தஞ்சாவூரில் எங்களுக்கு அவர் வேறு ஆள். ஆஸ்பத்திரியில் புது மருந்தை நோயாளிகளிடம் பரிசோதிக்க அனுமதி தரும் குழுவில் மருத்துவம் படிக்காத ஒருவரும் இருக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். இவர் பஜ்ஜியைப் பார்த்து, "இது எந்த எண்ணெய்ல போட்டது?" என்று கேட்பார். மயக்க மருந்து டாக்டரான எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். இறந்துவிட்டார் என்பதற்காக அதை நான் மறைக்கப் போவதில்லை.

என்னுடைய பரிசோதனை அந்தக் குழுவுக்கு முன் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும் பலருக்குக் குமட்டும். அதைக் குறைத்து, ஆளைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்குமா என்று ஒரு மாத்திரையைப் பார்க்க வேண்டும். பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. கரீம் பாய் நோயாளியின் சம்மதப் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படித்தார். "வேண்டாம்னு சொல்லலாம்ங்கிறதை எட்டாவது பக்கத்துல வச்சிருக்கீங்க. எட்டாவது பக்கம் வரைக்கும் யாரு டாக்டரம்மா படிக்கிறா? மொதல் வரியில போடுங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன். இளம் வயதில் குவைத்தில் கடை வேலை என்று நம்பி, தனக்குப் புரியாத ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, போய் இறங்கியபின் சிமெண்ட் மூட்டை தூக்கியவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாதி வேலை முடிந்ததும் அறிக்கை வைத்தேன். குமட்டல் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் என் கைராசி என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கரீம் பாய் தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அந்த வார்டு வழியாத்தான் வந்தேன். அங்க வாந்தியே இல்லைன்னா, அவ்வளவு பினாயில் எதுக்கு ஊத்துறாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குழுத் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அன்று பிற்பகலே வார்டுக்குப் போனார். என்னதான் கண்டுபிடிக்கிறார் பார்க்கலாம் என்று நானும் கூடவே போனேன்.

பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த செல்வி என்ற பெண்ணுக்கு முந்தின நாள் குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. சிஸ்டர் படிவத்தோடு கட்டிலின் கால்மாட்டில் நின்று, "குமட்டல், வாந்தி இருக்கா?" என்றார். செல்வி வாயைத் திறப்பதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர். நல்லா இருக்கு." சிஸ்டர் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கரீம் பாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் வாளி, மேலே ஈரத்துண்டு. துண்டை விலக்கினார். காலையிலிருந்து அவள் எடுத்த வாந்தி அதில் இருந்தது.

"ஏம்ப்பா மறைச்சே?" என்று புருஷனிடம் அவர் அதட்டாமல்தான் கேட்டார்.

"நாத்து பறிச்சு கட்டுக்கட்டா முடி போட்டுக் கெடக்குதுங்க. வாய்க்கால்ல எங்க முறைத்தண்ணி வந்திருச்சு. நாளைக்கு நான் வயல்ல நிக்கணும். வாந்தின்னு சொன்னா கஞ்சி குடுக்க மாட்டீங்க, டிரிப்பைக் கழட்ட மாட்டீங்க, வீட்டுக்கு விட மாட்டீங்க. இங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

செல்வியின் கட்டுத்துணியை விலக்கிப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு குமட்டிக் குமட்டியதில் ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தைக்க வேண்டியதாயிற்று. நோயாளிக்குப் பதில் வீட்டார் பேசுவது நம் ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். என் படிவத்தில் மட்டும் அது நடக்காது என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மருந்துக் கம்பெனிக்காரர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இரண்டு பிரிவிலும் ஒரே அளவுக்குத்தானே மறைத்திருப்பார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது போதும் என்றார். ஒன்றரை வருட உழைப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. கரீம் பாய் அவரைப் பார்க்கவேயில்லை. என்னிடம் மட்டும், "பொய்யை ரெண்டு பக்கமும் சமமா வச்சா உண்மையாயிடுமா டாக்டரம்மா? நாளைக்கு இந்த மாத்திரையை நம்பி இன்னொரு பொண்ணு தையல் பிரிஞ்சு கெடப்பா" என்றார். அத்தனை படிவங்களையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். வீட்டாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாந்தி வந்தால் மருந்து உண்டு, சொல்வதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டோம். வாந்தி எடுத்தவர்கள் வரிசையாகக் கையைத் தூக்கினார்கள். மாத்திரை ஓரளவுக்குக் கேட்டது. கம்பெனி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அதையும் அப்படியே எழுதினேன்.

போன மாதம் மகளின் நிக்காஹுக்கு அழைக்கப் போன் செய்தார். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்திப் பேசினார். "என்ன பாய், மூச்சு வாங்குது?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா. மாடி ஏறி வந்தேன்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கல்யாணத்துக்கும் போக முடியவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது மகன் என்னை வாசலுக்குத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். "வாப்பா ரெண்டு மாசமா மாடியே ஏறலைங்க. நெஞ்சு வலிச்சிருக்கு. கல்யாணம் முடியட்டும்னு உம்மாகிட்ட கூடச் சொல்லலை. தலையணைக்கு அடியில அவங்களா வாங்கிப் போட்ட மாத்திரை அட்டை கெடந்துச்சு." அந்த வாசலில் நின்றுகொண்டுதான் நான் அழுதேன். துக்கத்தைவிட அதில் கோபம்தான் அதிகம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தச் சந்தேகப் புத்தியைத்தான். நோயாளி, வீட்டார், கம்பெனி, நானே கையெழுத்துப் போட்ட காகிதம், எதையும் இப்போது ஒரு தடவை கேட்டுவிட்டு நம்புவதில்லை. அவரிடம் மட்டும் இரண்டாவது தடவை கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.