மீனாச்சி வேலைக்குப் போனாள்

கண் தெரியாதவர்களைத் தனியாக வாழப் பழக்கும் வேலையில், வழி தெரியாமல் நிற்பது பெரும்பாலும் டீச்சர்தான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், மாத்தளையில் ஒரு சின்ன விடுதிப் பள்ளியில் நான் அந்த வேலை பார்த்தேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, மீனாச்சி கதையைக் கேளுங்கள். தோட்டத்துப் பெண். எட்டு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. என்னிடம் வந்தபோது வயது இருபத்திரண்டு.

கடைக்குப் போன பாடம்

தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். மனசு கேட்கவில்லை. பூனை மாதிரிப் பின்னாலேயே போனேன். அவள் கோலைத் தட்டிக்கொண்டு, மாட்டுக் கரத்தைச் சத்தம் கேட்டால் ஒதுங்கி, சரியாகத்தான் நடந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு போன நான் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்து கை கொடுத்தாள்.

"இன்னைக்கு நான் தனியாப் போற பாடம்னுதானே சொன்னீங்க, டீச்சர்?"

ஏலக்காய்

யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் பிரிக்க ஆள் தேவைப்பட்டது. மீனாச்சியைக் கூட்டிப் போனேன். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா அவளைப் பார்க்காமல் என்னையே கேட்டார். பேர் என்ன, வேலை தெரியுமா, அழுவாளா? நானும் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அதற்குள் மீனாச்சி பக்கத்துச் சுளகில் கொட்டியிருந்த காயைத் தடவிப் பார்த்து, வெடித்த காய் ஒரு குவியல், வெடிக்காதது ஒரு குவியல் என்று பிரித்துவிட்டாள். அவர் ஒரு பிடி அள்ளி வெயிலில் காட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை நாளைக்கே வரட்டும். நீங்க வரத் தேவையில்ல, டீச்சர்."

அண்ணன்

வேலையோடு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் தங்க ஒரு காம்பராவும் கிடைத்தது. விஷயம் தெரிந்து அவளுடைய அண்ணன் ராமையா விடுதிக்குக் கோபமாக வந்தார். "என் தங்கச்சிக்குச் சோறு போட எனக்கு வக்கில்லையா?" என்று கத்தினார். நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. மீனாச்சி சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாரு ஆக்குனது?" என்றார். "நான்தான்ணே" என்றாள். அவர் கை தட்டிலேயே நின்றது. கண்ணீர் வந்தது. சந்தோஷமா துக்கமா, எனக்குப் புரியவில்லை. போகும்போது என்னிடம் கேட்டார்:

"ஒரு வேலையும் செய்யவிடாம இத்தனை வருசம் உக்கார வச்சிருந்தேனே, அது பாசமா, பாவமா டீச்சர்?"



தண்ணீர்க் குடம்

ஒரு மாதம் கழித்து, அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் அவள் காம்பராவுக்குப் போனேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று தண்ணீர்க் குடத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தேன். வேலை முடிந்து வந்தவள் அதில் இடறி, குடம் உருண்டு, தரையெல்லாம் தண்ணீர். நான் பதறித் துணி தேடினேன். அவள் குடத்தை நிமிர்த்திப் பழைய மூலையிலேயே வைத்தாள்.

"நீங்க விருந்தாளி, டீச்சர். ஒண்ணையும் தொடாம உக்காருங்க, தேத்தண்ணி தாரேன்."

இந்த வேலைக்கு வந்த ஆறு மாதத்தில் உதவி செய்யப் பழகிவிட்டேன். எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பதில்தான் இன்னும் பாஸாகவில்லை.