நாற்பத்தோராவது வரியின் கேள்வி

“சார், இந்த நம்பர் இப்ப யார்கிட்ட இருக்கு?”

மைதீன் பாய் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான். நேரில் அல்ல, நான் எழுதிய கணினி நிரலின் நாற்பத்தோராவது வரிக்குக் கீழே. ஆறாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு விளக்கம் கிடையாது. எரிச்சல் தாங்காமல் திலக் நகர் வீட்டில் உட்கார்ந்து, “கேள்வி கேட்பது எளிது பாய், நீங்களே எழுதிப்...” என்று பதில் தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர் மனைவியின் தம்பி.

“சார், மச்சான் மவுத்தாயிட்டாவ. காலையில டீயைக் குடிச்சிட்டு உக்காந்தாவ, அப்படியே...”

பதிலைப் படிக்க அவர் இல்லை. என் பாதி வாக்கியம் திரையில் நின்றது.

என்னிடம் படித்த உங்களில் பலருக்கு அவரைப் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் தெரியும். நான் பாடம் நடத்துவேன், அவர் செய்முறை. பிறகு அவர் நெருளில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போனார். கணினியின் உறுப்புகளை இயக்க மற்றவர்கள் எழுதும் நிரல்களைப் பார்த்து, எல்லோரும் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பில் சேர்க்கலாமா கூடாதா என்று சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற நான் செம்பூரில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு எழுதிய நிரல் அவரிடமே போய் நின்றது என் தலையெழுத்து.

விஷயம் பெரிதல்ல. ஒரு கணினிச் சில்லுக்குள் பல கோர்கள், அதாவது குட்டிச் செயலிகள், ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் தான் செய்ததைப் பதிவாக அனுப்பும். எல்லாம் ஒரே குழாயில் கலந்து வரும். முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் விடை சொன்னால் யார் சொன்னது என்று எப்படித் தெரியும்? ரோல் நம்பர் வேண்டும். அப்படி எண் கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி இன்னொரு கோருக்குக் கொடுப்பதும்தான் என் நிரல். எண்கள் மொத்தமே நூற்றுப் பதினொன்றுதான்.

முதல் முறை நான் ஒரு சூத்திரம் போட்டிருந்தேன்: கோர் எண்ணை இரண்டால் பெருக்கு, பதினாறைக் கூட்டு. அழகாக இருந்தது. அவர் போன் செய்தார்.

“நாலு கோருக்குச் சரி சார். அம்பது கோர் வந்தா நம்பர் பத்துமா?”

“எங்க போர்டுல நாலுதான் பாய்.”

“எங்க தாராவியிலயும் ரூமுக்கு நாலு பேருன்னுதான் சார் கட்டினாவ.”

மாற்றினேன். அடுத்த முறை, ஒரே திருத்தத்தில் இரண்டு வேலை செய்திருக்கிறீர்கள், பிரித்து அனுப்புங்கள் என்றார். பிரித்தேன். ஒரு மாறிக்கு நான் வைத்த பெயர், அது வைத்திருப்பதைப் பற்றிப் பொய் சொல்கிறது என்றார். அதையும் மாற்றினேன். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் விடைத்தாளில் சிவப்பு மை போட்டவன் நான். அந்த மை நம் மேல் விழும்போதுதான் அதன் நிறம் தெரிகிறது.

அதற்குள் செம்பூர் முதலாளி, “மாஸ்டர்ஜி, இஸ் மஹினே நஹி ஹுவா தோ பந்த்” என்று சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் நிரல் சேராவிட்டால் வேலையும் இல்லை, நானும் இல்லை. ஐந்தாவது முறை திரும்பி வந்ததும் மைதீன் பாயிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

“பாய், இது போகலைன்னா என் வேலை போயிடும்.”

“உங்க வேலை போகட்டும்னு நான் சொல்லல சார். ஆனா இது இப்படிப் போகாது.”

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சமாதானப்படுத்த மாட்டுங்காவுக்குக் கூப்பிட்டார். ஓட்டலில் கூட்டம். ரவா தோசைக்குச் சொல்லி இருபத்திமூன்றாம் நம்பர் டோக்கன் வாங்கினோம். மேஜை கிடைத்ததும், இனி எதற்கு என்று டோக்கனைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்தவர் அதை அடுத்து நின்ற குடும்பத்துக்குக் கொடுத்தார். “இருபத்திமூணு!” என்று குரல் வந்தது, எங்கள் தோசை அந்தக் குடும்பத்தின் மேஜைக்குப் போனது. நான் கவுண்டரில் சண்டைக்கு நின்றேன். மைதீன் பாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“சார், ஆர்டர் சொல்லியாச்சு, சரி. தட்டு வந்துச்சா?”

நிரலைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஆறாவது முறை அனுப்பினேன், அந்தக் கேள்வியோடு திரும்பி வந்தது.

அடக்கம் முடிந்து தாராவியிலிருந்து வீடு திரும்பினேன். அந்தப் பாதி வாக்கியம் இன்னும் காத்திருந்தது. அதை அழித்துவிட்டு, நாற்பத்தோராவது வரியைப் பார்த்தேன். பதிவு நின்ற உடனே எண்ணைத் திரும்ப வாங்கும் வரி அது. ஒரு சோதனை செய்தேன். இரண்டாம் கோரின் பதிவை நிறுத்தினேன். வந்த பதிவை வாசிப்பதற்கு முன்பே நான்காம் கோரைத் தொடங்கினேன், அதே எண் அதற்குப் போனது. பிறகு வாசித்தேன். இரண்டாம் கோர் செய்த வேலையெல்லாம் நான்காம் கோரின் பெயரில் வந்தது. தோசை பக்கத்து மேஜைக்குப் போயிருந்தது.

இதை இரண்டு வரியில் எழுதியிருக்கலாமே, மனுஷன்! அன்றைக்கு ஓட்டலிலாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நானே கண்டுபிடிப்பேன் என்று என் மேல் அப்படி என்ன நம்பிக்கை? இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

பதிவை வாசித்து முடித்த பிறகே எண் திரும்பும்படி மாற்றி, சில நாள் கழித்து ஏழாவது முறை அனுப்பினேன். அவர் இடத்துக்கு வந்தவர் அன்று மாலையே ஏற்றுக்கொண்டார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் வேலை தப்பியது. ஏற்றுக்கொண்ட அந்தக் கடிதத்தை மூன்று முறை மேலும் கீழுமாகத் தேடிப் பார்த்தேன், எங்காவது ஒரு குறை சொல்லியிருக்க மாட்டாரா என்று.

திருத்தக் குறிப்பின் அடியில், பிழையைக் கண்டவர் என்று மைதீன் பாயின் பெயரைப் போட்டிருக்கிறேன். நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை மட்டும்.

நீங்கள் எழுதியவற்றில், கொடுத்த ஒன்றைத் திரும்ப வாங்கும் வரி எங்கே இருக்கிறது என்று இன்று தேடுங்கள். அதன் கீழே அவர் கேள்வியை எழுதி, பதில் சொல்லிப் பாருங்கள்.