தையல் மட்டும் என்னுடையது

முதல் மூட்டை ஒரு பெரிய மஞ்சள் கட்டைப்பையில் வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். அத்தை ஆரணியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் அந்தப் பையைக் கவிழ்த்தார். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று உள்ளங்கை அளவிலும் முழ அளவிலும் பட்டுத் துண்டுகள். அவர்கள் கடையில் சேலை ஓரம் வெட்டும்போது விழுந்தவை, சாயம் கலங்கியதால் விற்காமல் நின்றவை. அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவற்றை நிறம் நிறமாகப் பிரிக்க ஆரம்பித்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். "புது வீட்டுக்கு ஒரு ஜன்னல் திரைகூட கடைல வாங்கக்கூடாதுன்னு இருக்கேன். எல்லாம் நீயே தைக்கற. உன் வீட்டுக்கு நீயே தைக்கறதுதானே அழகு" என்றார்.

அவர் எனக்கு மாமியாராக வர இருந்தவர். தூரத்து உறவு, அதனால் சின்ன வயதிலிருந்தே அத்தை. ஆரணியில் பட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவர்களுடையது. நிச்சயமான பத்தாம் நாள் அவர்கள் வீட்டுப் பெரியவர், அத்தையின் மாமனார், காலமாகிவிட்டார். ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் எதுவும் இல்லை என்று கல்யாணமும் புது வீட்டுக் கிரகப்பிரவேசமும் சேர்ந்து தள்ளிப்போயின. நான் அப்போது ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். "நம்ம வீட்டுக்கு வரப்போற பொண்ணு மில்லுக்குப் போயிகினு வந்துகினு இருக்க வேணாம்" என்று அத்தை சொன்னதும் வேலையை விட்டேன். வருத்தமே இல்லாமல் விட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருடம் முழுக்க நான் அம்மாவின் கால்மிதி மிஷின் முன்னால்தான் இருந்தேன். அதற்கு முன் எனக்கு ஜாக்கெட்டும் தலையணை உறையும் மட்டும்தான் தைக்கத் தெரியும். பட்டு எப்படி நழுவும், வெட்டிய ஓரத்தில் எப்படி நூல் நூலாகப் பிரியும் என்று துண்டுகளைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். முதலில் சோபாவுக்கு ஆறு மெத்தை உறைகள். பிறகு பதினொரு ஜன்னல்களுக்குத் திரை. அடுத்தடுத்த மூட்டைகளில் முழுசாக வந்த, சாயம் கலங்கிய சேலைகளை, கலங்கல் மடிப்புக்குள் போகும்படி கொசுவி, உள்பக்கம் வெள்ளைப் பருத்தி கொடுத்துத் தைத்தேன். படுக்கையறைச் சுவருக்கு ஒரு படம் தைத்தேன். நிச்சயமான வாரத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்கள் பக்கத்துச் சமணக் குன்றான திருமலைக்குப் போயிருந்தோம். அந்தக் குன்றையும் அடிவாரத்துக் கோயிலையும் சாம்பல், வெளிர்மஞ்சள் துண்டுகளால் ஒட்டுத்தையல் போட்டேன். படி ஏறும் இரண்டு சின்ன உருவங்களுக்கு மட்டும் அரக்கு நிறம். கடைசியாக, கட்டிலுக்கு விரிப்பு. முந்நூற்றுச் சொச்சம் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது அது. நான்கு மாதம் பிடித்தது.

அத்தை வாரம் தவறாமல் வருவார். நான் தைத்ததை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். நிறத்தில் அவர் கண் தப்பாது. "இங்க பச்ச ரெண்டு சேந்துடுச்சு பாரு, நடுவுல ஒரு மஞ்சள் விடு" என்பார். விட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும். என் விரலில் ஊசி ஏறியிருந்த ஒரு நாள் தன் முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருந்தார். "உன் கைல என்னமோ இருக்குதுடி" என்று அன்றுதான் சொன்னார். அவர் மகன் வாட்ஸப்பில் ஜன்னல் அளவுகளை அனுப்புவான், குட்மார்னிங் அனுப்புவான், அவ்வளவுதான். உண்மையில் நான் அவனைவிட அவரைத்தான் அதிகம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்குப் போவது என்றால் அவரோடு உட்கார்ந்து நிறம் பிரிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு எனக்கு வந்த கோபத்தின் அளவு யாருக்கும் புரியாமல் போனதற்கு இதுதான் காரணம். எல்லோரும் மாப்பிள்ளை போய்விட்ட கோபம் என்று நினைத்தார்கள்.

கட்டில் விரிப்பை அத்தை வாங்கிக்கொண்டு போன பத்தாம் நாள், இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு பெரியப்பா வந்தார். தண்ணீர் குடித்தார். மழை பற்றிப் பேசினார். பிறகு, "ஜாதகத்த திரும்பப் பாத்தாங்களாம். சரிவராதாம். மனசுல வச்சிக்காதீங்க" என்றார். ஜாதகம் என்பது வெறும் பேச்சு. காஞ்சிபுரத்தில் பெரிய கடை வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெண்ணை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார்கள் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. அம்மா மெல்ல, "இவ தச்ச துணிங்கள்லாம்..." என்று இழுத்தார். "துணி அவங்களுதுதானேம்மா" என்றார் பெரியப்பா. அப்பா தறியில் உட்கார்ந்தபடியே, "விட்டுடு" என்றார். அத்தைக்கு நான் ஏழெட்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வாரம் தவறாமல் வந்த மனுஷி, இல்லை என்று சொல்ல மட்டும் வரவில்லை.

விட்டுத்தான் இருப்பேன். கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். என் திரைகள் காற்றில் ஆடின. என் விரிப்பு கட்டிலில் கிடந்தது. யாரோ ஒரு பெண், "எங்க வாங்கினீங்க? ரொம்ப நல்லாருக்குது" என்று கேட்கிறார். அத்தை சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "முள்ளிப்பட்டுல ஒரு தையக்காரப் பொண்ணு இருக்குது. அதுகிட்ட குடுத்து வாங்கினேன்."

அந்த அக்காவிடம் போனை வாங்கி அதை நான்கு முறை கேட்டேன். அதற்குப் பிறகு நான் அழவில்லை. திட்டம் போட ஆரம்பித்தேன்.

கல்யாணம் நடந்த அன்று நான் போகவில்லை. கல்யாணக் கூட்டத்தில் எதுவும் கரைந்துபோகும். கல்யாணம் முடிந்து சம்பந்திகள் விருந்துக்கு வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று காலை அம்மாவிடம் ஆரணி பஜாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, கைப்பையில் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அத்தை வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. பின்னால் சம்பந்திகள் இருந்ததால், "வாம்மா" என்று வாய் மட்டும் சொன்னது.

"தையக்காரப் பொண்ணு வந்திருக்கேன் அத்தை. கொஞ்சம் வேல பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். நான் திரை சரிசெய்ய வந்தவள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மணப்பெண்ணின் அம்மா எனக்கும் ஒரு காபி கொடுக்கச் சொன்னார். ஜன்னல் கம்பி எட்டவில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் போனும் கையுமாக நின்றிருந்தவனைப் பார்த்து, "ஸ்டூல் ஒண்ணு கொண்டாங்க" என்றேன். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "ப்ளீஸ்" என்று முணுமுணுத்தான். ஆனால் போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். இவனையா கட்டிக்கொள்ள இருந்தேன் என்று அந்த நொடியில் எனக்குச் சிரிப்பு வந்தது.

மூன்று திரைகளைக் கழற்றினேன். உள்ளறையிலிருந்து கட்டில் விரிப்பை எடுத்துவந்தேன். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்திலிருந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். நாலு தையலுக்கு ஒரு வெட்டு, பிறகு நூலைப் பிடித்து ஓர் இழுப்பு. நான் போட்ட தையல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று என் கைக்குத் தெரியும். துண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

மணப்பெண்ணின் அம்மாதான் முதலில் கேட்டார். "நல்லாத்தானேம்மா இருக்குது? ஏன் பிரிக்கற?"

"துணி இவங்களுதுங்க. அத எடுத்துக்கட்டும். தையல் மட்டும் என்னுது" என்றேன். "இந்த வீட்டுக்கு மருமகளா வரப்போறேன்னு ஒரு வருஷம் உக்காந்து தச்சேன். நிச்சயம்லாம் ஆயிடுச்சுங்க. இப்ப உங்க பொண்ணு வந்துட்டாங்க. அதான் என் தையல எடுத்துகினு போலாம்னு வந்தேன்."

அத்தை பாய்ந்து வந்தார். "பேஜார் பண்ணாதம்மா, விசேஷ வீடு. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம். ஜல்தி எழுந்திரு."

"எழுந்துக்கறேன் அத்தை. இன்னும் மூணு பக்கம்தான் இருக்குது."

அத்தை வீட்டு ஆள் ஒருவர் என் கையைப் பிடிக்க வந்தார். மணப்பெண்ணின் அப்பா கையை நீட்டித் தடுத்தார். அத்தையைப் பார்த்து, "மொதல்ல இந்தப் பொண்ணு சொல்றது நெசமா, அத சொல்லுங்க. நிச்சயம் ஆனத எங்ககிட்ட யாருமே சொல்லலையே" என்றார். அத்தை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் நான் போயிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே இன்னும் வேகமாகப் பிரித்தேன்.

புதுப்பெண் எழுந்து மாடிக்குப் போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திருமலைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இது எங்க ரூம்ல மாட்டியிருந்தாங்கக்கா. இதையும் பிரிச்சிடுங்க" என்றாள். படியில் ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டு அரக்கு உருவங்களையும் முதலில் பிரித்தேன்.

கழற்றிய திரைகளையும் பிரித்து முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விருந்துச் சாப்பாடு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பிட எழவில்லை. அத்தை கடைசியில் என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார், எங்கள் வீட்டில் உட்கார்ந்த மாதிரியே. ஒரு மாம்பழ மஞ்சள் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரமெங்கும் ஊசித் துளை. பட்டில் ஊசி போன இடம் மூடாது. அந்தத் துண்டுகளை இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டு வியாபாரம் செய்கிற அத்தைக்கு அதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்த நூலை எல்லாம் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "வரேன் அத்தை" என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். துக்கம் இல்லை, நல்ல பசி. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசியபோதும் அவமானம் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அவ்ளோ பட்ட நாசம் பண்ணிட்டியேம்மா" என்றார். வாழ்நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர். அந்த ஒரு வார்த்தை மட்டும் கொஞ்சம் சுட்டது. மற்றபடி அன்றும் இன்றும் எனக்கு வருத்தம் கிடையாது. பெரியவர்கள் அதை அகங்காரம் என்றார்கள். இருக்கலாம். பெண் வீட்டார் ஒரு வருடம் அத்தை வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது, குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு அந்தச் செய்தியை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். எனக்கும் இழப்பு இல்லாமல் இல்லை. வந்த இரண்டு வரன்கள் கதையைக் கேட்டுத் திரும்பிப் போயின. மூன்றாவதாக வந்தவர் கதையைக் கேட்டு, "அந்த ஸ்டூலக் கொண்டாந்து போட்டானே, அதுதாங்க சூப்பர்" என்று சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது ஆரணியில் மாடியறை ஒன்றில் தைக்கிறேன். பட்டுத் துண்டு விரிப்புகள்தான் என்னிடம் அதிகம் கேட்கப்படுகின்றன.

போன மாதம் தேவிகாபுரத்தில் ஓர் உறவுக்காரக் கல்யாணம். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. கட்டியிருந்தது நல்ல மயில்கழுத்துப் பட்டு. என்னைக் கண்டதும் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய முந்தானையைச் சட்டென்று இழுத்து மடியில் சுருட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. நான் அங்கே உட்காரவில்லை. அவருக்கு நேர் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பந்திக்குக் கூப்பிடும்வரை அவர் ஒருமுறைகூட முதுகைச் சாய்க்கவில்லை.