சூடாகாத ஜீப்

அப்பாவின் பழைய ஜீப்புக்குப் பெரிய டீசல் இன்ஜின் மாற்றி, நாகல் நகர் பட்டறையிலிருந்து இன்று காலை எடுத்தேன். "இனி மலையில எங்கயும் நிக்காதுண்ணே" என்றார் மெக்கானிக்.

அதற்காகத்தானே மாற்றினேன். பழைய இன்ஜின் சிறுமலை ஏற்றத்தில் பாதி வழியிலேயே கொதித்துவிடும். அப்பா ஓரங்கட்டிப் பானட்டைத் திறப்பார். அம்மா இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பார்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்று அம்மாவை ஏற்றிக்கொண்டு எங்கள் மலைத் தோட்டத்துக்குக் கிளம்பினேன். வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. வண்டி திணறவே இல்லை. பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், காலடியில் எப்போதும் கிடக்கும் அந்தக் கல்லை எடுத்து மடியில் வைத்திருந்தார் அம்மா.

"நிப்பாட்டு அப்பு."

"ஏம்மா? நல்லாத்தான போகுது."

"வீட்டுல உங்கப்பா எங்க பேசுவாரு? இன்ஜின் ஆறுற வரைக்கும் இங்கனதேன் எங்கிட்ட செத்த நேரம் பேசிக்கிட்டு நிப்பாரு."

ஓரங்கட்டினேன். அம்மா இறங்கிக் கல் வைத்தார். நான் பானட்டைத் திறந்துவைத்தேன்.

கீழிருந்து வந்த காய்கறி வேன்காரர் நிறுத்தி, "சூடாயிருச்சாண்ணே? தண்ணி வேணுமா?" என்றார்.

"ஆமாப்பா. ஆற நேரமாகும், நீ போ" என்றார் அம்மா.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களே, புது இன்ஜினை அந்த ஒரு வளைவில் மட்டும் சூடாக்க ஏதாவது வழி இருக்கிறதா?