கண்ணாடி தெளியட்டும்

அப்பாவின் வேலைக்குச் சைக்கிளும் வேண்டும், கண்ணும் வேண்டும். புதியம்புத்தூர் சட்டைக் கம்பெனியில் மூட்டை எடுத்து, கேரியரில் கட்டி, சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களிடம் பட்டன் தைக்கக் கொடுப்பார். மறுநாள் ஒவ்வொரு சட்டையாகத் தையல் பார்த்து வாங்கி வருவார். நூல் விட்டுப்போன சட்டை கம்பெனிக்குப் போனால் பேச்சு வாங்குவது அவர்தான். அடிக்கடி பேச்சு வாங்குகிறவருக்கு அப்புறம் மூட்டை கிடையாது.

ரோட்டு வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதைப் போட்டால் நூல் தெரியாது. கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியோ சட்டைப்பையிலிருந்து விழுந்து இரண்டு தடவை உடைந்துவிட்டது. கோவில்பட்டியில் எனக்கு வேலை கிடைத்ததும் ஆன்லைனில் தேடி ஒன்று வாங்கினேன். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் என்றே செய்தது. வெயிலில் தானாகக் கறுக்கும், நிழலில் தானாக வெளுக்கும். கீழ்ப்பகுதியில் மட்டும் கிட்டத்தில் பார்க்கிற பவர்.

பெட்டியின் மேல் அரைக்கால் சட்டையோடு ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். அப்பா அவனையே பார்த்தார்.

"இவன யாருலே வெரட்டுதா?"

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். உள்ளே இருந்த இங்கிலீஷ் தாளை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நிழலுக்கு வந்த பிறகு முழுதாக வெளுக்கச் சில நிமிஷம் ஆகும் என்றிருந்த வரிக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து, "ஊருணித் தண்ணி மாதிரிப்பா. செத்த நேரம் விட்டா தெளிஞ்சிரும்" என்றேன். கரிசல் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் தெளியவிட்டுக் குடித்து வளர்ந்தவர். உடனே புரிந்துவிட்டது.

அந்தச் சொல் சைக்கிளோடு ஊர் ஊராகப் போயிற்று. அவர் போய் உட்கார்ந்ததும் பட்டன் தைக்கிற பெண்கள் தொடங்குவார்கள்.

"அண்ணாச்சி, தெளிஞ்சிட்டா? இல்ல, படிகாரம் போட்டுக் கலக்கவா?"

"பொறுட்டி, தெளியட்டும்."

முதலில் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. பிறகு டீ குடித்து முடித்தும் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கண்ணாடி பழசாகிவிட்டது, மெதுவாகத்தான் தெளியும் என்று அந்தப் பெண்களே சமாதானம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்பெனியில் அப்பா பேச்சு வாங்கி வந்த அன்று, போனில் வேறு கண்ணாடி பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயிலிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். கையில் நீலச் சட்டை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் போயிற்று.

"தெளிஞ்சிட்டாப்பா?"

"இல்லலே. இன்னும் கலங்கலாத்தான் கெடக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி எப்போதோ வெளுத்திருந்தது. அதற்குப் பின்னால் அவருடைய இரண்டு கண்களும், இமை மயிர்கூட, எனக்கு நன்றாகத் தெரிந்தன.

தூத்துக்குடியில் கண் டாக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும், இனிமேல் சைக்கிள் கூடாது என்றார். "கொஞ்சம் முன்னாலேயே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று என்னிடம்தான் கேட்டார். தெளியும் என்று காத்திருந்தோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் காலையில் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சைக்கிள் சுவரோரம் நின்றது.

"அந்தத் தாளு இருக்காலே? இன்னொருக்கப் படி. வேற ஏதும் போட்டிருக்கானான்னு பாரு."

பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். மெல்லிய துணியால் துடைக்கவும். சூடான இடத்தில் வைக்க வேண்டாம். கீழே போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். சில நிமிஷம் ஆகும் என்ற வரி வந்தது.

"அத மட்டும் இன்னொருக்க."

படித்தேன்.