அவிழ்க்காத முடிச்சு

பச்சை விரியன் தேயிலைச் செடியின் தலைப்பில்தான் படுத்திருக்கும். கொழுந்தின் நிறமே அதன் நிறம். கடித்தால் கை வீங்கும், வலி உயிரை வாங்கும். ஆனால் உயிர் போவது அரிது. பதுளைக்குப் பள்ளிக்கூடம் படிக்கப் போன பிறகுதான் இதை அறிந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இந்த ஒன்றை அறிந்த அன்று மட்டும் கர்வப்பட முடியவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. பனி கலையுமுன்பே அத்தையை மலையிலிருந்து எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அத்தை அப்பாவின் தங்கை. மலையில் அவளுடைய கொழுந்துக் கூடைதான் எப்போதும் முதலில் நிறையும். வலது கை நடுவிரலில் இரண்டு பொட்டு ரத்தம். அப்பா அவளுடைய கூடைக் கயிற்றையே அறுத்து, மணிக்கட்டுக்கு மேலே சுற்றி, பல்லால் கடித்து இறுக்கினார்.

"கையக் கட்டுறியா அண்ணே, மூட்டை கட்டுறியா?" என்றாள் அத்தை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

விஷம் இறக்க மந்திரிப்பவர் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். அப்பா அவரை அழைத்துவரப் புறப்பட்டார். போகும்போது என்னிடம், "அவரு வர்ற வரைக்கும் முடிச்ச யாரும் தொடக் கூடாது. அவுத்தா விஷம் தலைக்கேறிரும். நீதான் காவல்" என்றார்.

வேலை வாங்கும் கங்காணி வாசலில் நின்று, "ஒருத்தியப் பாம்பு கடிச்சா மலையே படுத்துக்குமா?" என்றார். அம்மாவும் மற்றவர்களும் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் அத்தையும் மட்டும் இருந்தோம்.

மந்திரிப்பவர் பதுளைக் கடைவீதிக்குப் போயிருந்தாராம். அப்பா அங்கேயும் தேடிப் போனது எங்களுக்குத் தெரியாது. உச்சிப்பொழுது தாண்டியது. அத்தையின் விரல்கள் நாவற்பழம்போல் கறுத்தன.

"கொஞ்சம் தளத்து பாப்பா. கை செத்துப்போச்சு."

"அப்பா வையும்."

"ஒரு விரல் நுழையற அளவுக்கு. என் கண்ணுல்ல."

நான் அசையவில்லை. அவள் இடது கையால் முடிச்சைத் தேடியபோது அந்தக் கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அழுது பார்த்தாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள்.

வெயில் சாயும்போது தோட்டத்து மருந்துக்காரர் வந்தார். கயிற்றைக் கத்தியால் அறுத்தார். விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காலையிலேருந்து இத அவுக்காம வச்சிருந்தது யாரு?" என்றார்.

"நான்தாங்க" என்று எழுந்து நின்றேன்.

"அது இல்லீங்க" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமலே. "அது அவுக்கத்தான் வந்துச்சு. நான்தான் விடல."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாள் முழுவதும் காவல் காத்த என்னை, சொல் கேட்காத பிள்ளை ஆக்கிவிட்டாளே. பொழுது இறங்கி அப்பா வெறுங்கையோடு வந்ததும், நான் அவிழ்க்கவே போகவில்லை என்று அவரிடம் சொன்னேன். லயத்தில் வீடு வீடாகவும் சொன்னேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இனி அவள் கொழுந்து பறிக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். துணி சுற்றிய கையோடு அவள் திரும்பி வந்த அன்றும் நான் விடவில்லை. எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன்.

"ஆமா பாப்பா. நீ அவுக்கவே இல்ல" என்று அத்தை இடது கையால் என் தலையைத் தடவினாள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் தீர்ந்தது.