மூன்று பிடி மஞ்சள்

அன்று மதியம் ஒன்றரை மணி பஸ்ஸில் நான் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனில் புகட்டினேன். உள்ளே போனது உடனே வெளியே வந்தது. காலையில் எஸ்டேட் கம்பவுண்டர் அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது. "கீழ கொண்டு போயிருங்க. பொழுது சாயறதுக்குள்ள ட்ரிப் ஏத்தோணும்" என்றார். கீழே என்றால் எங்களுக்குச் சேலம்.

செம்மநத்தம் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் என் கணவர் ரைட்டர், ஆள் கணக்கு எழுதுபவர். முதலாளி ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்த கார் ஒன்று எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது. அதன் ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டது. சேலத்தில் பழைய சாமான் கடையில் இன்னொன்றை வாங்கி வந்து, மெக்கானிக்கைக் கூப்பிடாமல் முந்தின நாள்தான் தானே மாட்டியிருந்தார். மாட்டி முடித்ததில் அவருக்குப் பெருமை. காலையில் பார்த்தால் காருக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"அரை மணி நேரந்தான் அம்மிணி. பஸ்ஸுல நசுங்கிக்கிட்டுப் போறதுக்கு, கார்லயே படுக்க வெச்சுக் கொண்டு போயிரலாம்" என்றார்.

நான் சரி என்றேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பி.ஏ. படித்தவள். என்றாலும், பஸ்ஸுக்குப் போகலாம் என்று அழுத்திச் சொன்னால் அவர் வேலையை நம்பாதது போல ஆகிவிடுமோ என்று யோசித்தேன். கீழே திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.

அவர் காருக்கடியில் செய்தித்தாளை விரித்தார். எங்கே நனைகிறது என்று பார்த்தால் ஒழுகும் இடம் தெரியும் என்றார். முதலில் கீழ் ஹோஸ் மாட்டும் இடத்தில் நனைந்தது. ஹோஸின் நுனி வெடித்திருந்தது. காபிச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, மறுபடி மாட்டி, கிளிப்பை முறுக்கினார். அதற்கு மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றினார். புதிய தாளை விரித்தோம். இப்போது ஹோஸுக்கு ஒரு சாண் தள்ளி நனைந்தது. ரேடியேட்டரின் அடியில் பற்றவைத்த இடத்திலேயே மயிரிழை போல ஒரு வெடிப்பு. சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

குழந்தை அழுதாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. உச்சிக்குழியில் விரலை வைத்தேன், பள்ளமாக இருந்தது.

பக்கத்து லைன் வீட்டில் இருந்த லாரி டிரைவரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்க ரைட்டரம்மா, ஒரு ஸ்பூன் மஞ்சத்தூள் போட்டீங்கன்னா அடைச்சுக்குமுங்க. எங்க ஊட்டுக்காரரு அப்படித்தான் லாரிய ஊடு கொண்டுவந்து சேர்ப்பாரு" என்றாள்.

"இதென்ன ரசமா, மஞ்சத்தூள் போட்டுத் தாளிக்க?" என்றார் அவர், காருக்கடியில் இருந்தபடியே. வெடிப்பின் மேல் பார் சோப்பைத் தேய்த்துவிட்டு, ரேடியேட்டரை நிரப்பக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் செய்தேன். ஒரு ஸ்பூன் என்றுதான் அவள் சொன்னாள். ஒரு ஸ்பூன் போதுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே ஒரு பிடி போட்டேன். போதாது என்று தோன்றியது. இன்னொரு பிடி. பிறகு இன்னொன்று. அதுவும் கடைத்தூள் இல்லை, குழந்தையைக் குளிப்பாட்டவும் சமையலுக்குமாக நானே உரலில் இடித்து வைத்திருந்தது. சரியாகச் சலிக்காததால் நார் நாராக இருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மூடியைப் போட்டேன்.

அவர் வந்து தண்ணீர் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டார். கடைசியாக விரித்த தாள் நனையவே இல்லை. "பார்த்தியா, சோப்புதான்" என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும், மஞ்சளைச் சொல்லாமல் குழந்தையின் துணிகளை எடுக்க உள்ளே போனேன்.

சேலத்துக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற்காட்டுக்கு ஏற வேண்டும். பாதி ஏற்றத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பானட் ஓரத்திலிருந்து ஆவி வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினார். சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பின்சீட்டில் குழந்தைக்குக் கண் செருகியிருந்தது. ஈரத்துணியை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார்.

கொதிக்கும் தண்ணீர் அவர் வலது கையில் பீச்சியடித்தது. அவர் அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். கையும் சட்டையும் மஞ்சளாக இருந்தன. அந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஐந்து மணி பஸ் வந்தது. இடது கையை நீட்டி நிறுத்தினார். "நீ புள்ளயக் கொண்டு போ. நான் பின்னால வர்றேன்" என்றார். குழந்தைக்காகக் கொண்டுவந்த துணியை நனைத்து அவர் கையில் சுற்றிவிட்டு ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, மடியில் இருந்தவள் மூச்சுவிடுகிறாளா என்று ஒவ்வொரு வளைவிலும் அவள் மூக்கின் அருகில் விரலை வைத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கையில் நரம்பு கிடைக்கவில்லை. தலையைச் சிரைத்து, அங்கே ஊசி ஏற்றினார்கள். "இத்தனை நேரம் என்ன பண்ணுனீங்க?" என்று டாக்டர் கேட்டார். கார் ரிப்பேர் என்றேன். மூன்றாம் நாள் அழுதபோது அவள் கண்ணில் நீர் வந்தது.

என் கணவரின் கைக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. புண் ஆறியபோது தோல் இழுத்துக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் நின்றுவிட்டன.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் வந்து ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே தண்ணீர் ஓடும் வழியை அடைத்திருந்த மஞ்சள் சேறு கட்டியாக விழுந்தது. "யாருங்க இதுல கொழம்பு வெச்சது?" என்று சிரித்தார்.

காபி டம்ளரோடு நான் வாசற்படியில் நின்றேன்.

"நாந்தான் போட்டேன். அவசரத்துல கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் என் கணவர். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்காகச் சொன்னாரா, மனைவி தனக்குத் தெரியாமல் செய்தாள் என்று வெளியே தெரிய வேண்டாம் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. இப்போது கேட்கலாம் என்று தோன்றும் நாட்களில் கேட்காமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றிவிடும். அந்தக் கையால் பேனா பிடிக்க முடியாததால், அன்றிலிருந்து எஸ்டேட் ஆட்களின் வருகைப் பதிவை நான்தான் எழுதுகிறேன். சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லுவார். நான் எழுதி முடித்த பிறகு, நோட்டைத் தன் பக்கம் திருப்பி, இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போடுவார்.